வேதியியல் சேர்மங்களின் பெயரும் வாய்பாடும் மனதில் நிற்க என்ன வழி?

உங்கள் மகள் படிவம் நான்கில் வேதியியல் எடுத்திருக்கிறாள், வாய்பாடுகளை எழுதி எழுதிப் பார்த்தும் சோதனையில் குழம்பிவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த வாய்பாட்டு அட்டவணையை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது அயனிகளின், அதாவது மின்சுமை ஏற்ற அணு அல்லது அணுக்கூட்டங்களின், மின்சுமையை மட்டும்தான். சோடியம் 1+, மக்னீசியம் 2+, அலுமினியம் 3+. குளோரைடு 1−, ஆக்சைடு 2−, சல்பேட் 2−, பாஸ்பேட் 3−. இப்படி ஒரு முப்பது அயனி தெரிந்தால் எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் ஐந்தின் அரசுத் தேர்வு) வரைக்கும் ஓட்டிவிடலாம். ஒரு வாய்பாட்டில் கூட்டல் மின்சுமையும் கழித்தல் மின்சுமையும் சேர்ந்து சுழியம் ஆக வேண்டும், அவ்வளவே. அலுமினியம் இரண்டு போட்டால் 6+, ஆக்சைடு மூன்று போட்டால் 6−, ஆகவே ஏஎல்₂ஓ₃. மக்னீசியம் ஆக்சைடுக்கு மின்சுமை எண்களைக் குறுக்கே மாற்றிப் போட்டு எம்ஜி₂ஓ₂ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. சுருக்கினால் எம்ஜிஓ.

நான் சுங்கை சிப்புட் பக்கம் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள். பயிற்சித்தாளுக்குப் பதில் உரமூட்டையில் அச்சடித்திருப்பதை எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். அம்மோனியம் சல்பேட் மூட்டையில் நைட்ரஜன் 21 சதவீதம் என்று இருக்கும். அம்மோனியம் 1+, சல்பேட் 2−, ஆக அம்மோனியம் இரண்டு வேண்டும்: (என்எச்₄)₂எஸ்ஓ₄. வாய்பாட்டிலுள்ள அணுக்களின் மொத்த நிறை 132, அதில் நைட்ரஜன் 28. வகுத்துப் பார்த்தால் 21 வந்துவிடும். ஒரு அம்மோனியம் மட்டும் போட்டவனுக்கு 12 சதவீதம்தான் வரும். நான் திருத்தவே வேண்டாம், மூட்டையே தப்பு என்று சொல்லிவிடும். அடைப்புக்குறியை விட்டவன் கதை இன்னும் மோசம், அவன் வாய்பாட்டில் 42 ஹைட்ரஜன்!

பொட்டாஷ் மூட்டைதான் எனக்குப் பிடித்தது. உள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு, மூட்டையில் போட்டிருப்பதோ கே₂ஓ 60 சதவீதம். அப்படியென்றால் உள்ளே பொட்டாசியம் ஆக்சைடா சார் என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். கிடையாது. அது நிஜமாகவே இருந்தால் ஈரம் பட்டதும் தோலை அரிக்கும் காரமாக மாறிவிடும், நம் மழைக்கு எந்த ஸ்டோரிலும் தாங்காது. பொட்டாசியம், பாஸ்பரஸ் சத்துகளை ஆக்சைடு கணக்கில் சொல்வது உர வியாபாரத்தின் பழைய வழக்கம். கே₂ஓ நிறையில் 83 சதவீதம் பொட்டாசியம். எனவே 60 என்றால் உண்மையில் சுமார் 50. பல மூட்டைகளில் அந்த உப்பு சிவப்பாக இருக்கும், இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால். அங்கேயே ரோமன் எண் பாடத்தையும் முடித்துவிடலாம். இரும்பு 2+ ஆகவும் இருக்கும், 3+ ஆகவும் இருக்கும். எது என்று சொல்லத்தான் இரும்பு(III) ஆக்சைடு என்பதுபோல் பெயருக்குள் அந்த ரோமன் எண். சோடியத்துக்கு ஒரே மின்சுமை, அதற்கு எண் எழுதினால் மார்க் போகும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை சொல்லும் மோனோ, டை, ட்ரை எல்லாம் கார்பன் டைஆக்சைடு மாதிரி அலோகங்கள் தமக்குள் சேரும்போது மட்டும். குறியீடுகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மலாய்ப் பாடநூலில் சோடியம், பொட்டாசியம், ஈயம் எல்லாம் நேட்ரியம், கேலியம், பிளம்பம் என்றே இருப்பதால் பெயரிலேயே குறியீடு கிடைத்துவிடும்.

அப்புறம், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றுவது அம்மோனியா, என்எச்₃, மின்சுமை இல்லாத மூலக்கூறு. உரமூட்டையில் இருப்பது அம்மோனியம், என்எச்₄, 1+ அயனி. சல்பைடு, சல்பைட், சல்பேட் மூன்றும் இதே வகைத் தொல்லைதான்: முதலாவதில் ஆக்சிஜனே இல்லை, அடுத்ததில் மூன்று, கடைசியில் நான்கு, மூன்றுக்கும் மின்சுமை 2−. இவற்றை மட்டும் தனித்தாளில் எழுதி ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட், அதாவது மெத்தனோயிக் அமிலம், இந்தக் கணக்குக்குள் வராது. கார்பன் சேர்மங்களுக்குப் பெயரிடும் முறை வேறு, அது படிவம் ஐந்தில் வரும்.