ஓட்டம், தாண்டல் போன்ற வேகமான காட்சிப் படங்களைக் கணினியில் நிறைய மெருகேற்றினால் என்ன தவறு?

கேள்வி கேட்டவர் சைக்கிள் பந்தயமும் தடகளமும் படம் எடுக்கிறவர். பின்னணியை மாற்றுகிறேன், முகத்தைத் துடைக்கிறேன், வேகக் கோடுகள் சேர்க்கிறேன், பலர் பாராட்டுகிறார்கள், சிலர் மட்டும் "படத்தைக் கெடுத்துவிட்டாய்" என்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறார். அந்தச் சிலர் சொன்னதை நானும் ஒருநாள் கேட்டிருக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தடை ஓட்டப் போட்டி. ஒரு பெண் நான்காவது தடையைத் தாண்டும் நொடி எனக்குச் சரியாகக் கிடைத்தது. ஷட்டர் வேகம் (கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/1600 நொடி, கண்கள் பளிச்சென்று கூர்மை. ஆனால் அவளுடைய பின்கால் தடையில் பட்டு, தடை முன்பக்கம் சாய்ந்திருந்தது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. பின்னால் மஞ்சள் சட்டை போட்ட ஒரு அலுவலர். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தேன். வேறொரு படத்திலிருந்து நேராக நின்ற தடையை எடுத்து ஒட்டினேன். அலுவலரை அழித்தேன். நெற்றிச் சுருக்கத்தையும் கழுத்தையும் வழவழப்பாக்கினேன். வானத்தை மாற்றினேன். இணையத்தில் பதிவிட்டேன், பாராட்டு குவிந்தது.

அவளுடைய பயிற்சியாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, பின்கால் முட்டி இவ்வளவு கீழே இருக்கு. இந்த உயரத்துல வந்தா தடை விழுந்திருக்கணுமே, எப்படி நிக்குது?" என்று கேட்டார். அவளுடைய காலில் உள்ள குறையை அவளுக்கே காட்டத்தான் அவர் அந்தப் படத்தைத் தேடி வந்திருந்தார். அந்தப் பெண் இன்னும் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அந்தத் தடையை நான் இடிச்சேன். அதுலதான் தடுமாறி மூணாவதா வந்தேன்." அவள் அன்று பட்ட வலியும், அதற்குப் பிறகும் விடாமல் ஓடி முடித்ததும் என் படத்தில் இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

என் பதிலின் சாரம் இதுதான். நிலைத்த காட்சியில் குப்பையாகத் தெரிகிற பல விஷயங்கள், வேகக் காட்சியில் விசையின் தடயங்கள். தெறிக்கும் மணல், பறக்கும் வியர்வை, கோணிய உதடு, காற்றில் ஒட்டிப்போன சட்டை, எல்லாமே உடல் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைச் சொல்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் கடைசியில் ஒரு மனிதர் காற்றில் தொங்குவதுபோல் ஒரு படம் மிஞ்சும். அசைவு போய்விடும்.

வேகத்தைப் படம் எடுக்கும் கலை பிறந்ததே கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தான். 1878-இல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடும் குதிரையை வரிசையாகக் கேமராக்கள் வைத்துப் படம் எடுத்தார். அதுவரை ஓவியர்கள் பாயும் குதிரையை முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னும் விரிய, அந்தரத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள். குதிரையின் நான்கு கால்களும் தரையைவிட்டு எழும்புவது உண்மைதான், ஆனால் அது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும் நொடியில் என்று படங்கள் காட்டின. பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் குதிரை அப்படித்தான் ஓடுகிறது. "இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே" என்று நாம் திருத்துகிற ஒவ்வொரு முறையும் அந்த ஓவியர்களின் குதிரைக்கே திரும்பிப் போகிறோம்.

அடுத்தது மங்கல். நீங்கள் சைக்கிள் படம் எடுப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேனிங் செய்து, அதாவது ஷட்டரை 1/30 அல்லது 1/60-க்குக் குறைத்துவிட்டு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுத்தால், முகமும் சைக்கிளின் சட்டமும் ஓரளவு கூர்மையாக இருக்கும். பின்னணி கோடுகளாக இழுபடும், சக்கரக் கம்பிகள் கரைந்துபோகும், மிதிக்கும் பாதம் வளைவாக மங்கும். உடம்பின் ஒவ்வொரு பகுதியும் தன் வேகத்துக்கு ஏற்ப மங்குகிறது. 1/2000-இல் உறைய வைத்த படத்துக்குப் பின்னால் மென்பொருளில் வேகக் கோடு போட்டால் இது எதுவும் வராது. பின்னணி பறக்கும், ஆனால் கம்பிகளை ஒன்றிரண்டு என்று எண்ணலாம். நிறுத்தி வைத்த சைக்கிளுக்குப் பின்னால் ஊரே ஓடுவதுபோல் இருக்கும். அதோடு, ஆளைப் பின்னணியிலிருந்து சரியாகப் பிரிக்காமல் மங்கலாக்கினால் அவருடைய சட்டை நிறம் இரண்டு பக்கமும் கசிந்து ஒரு ஆவி மாதிரி நிற்கும். பின்னணி விளக்குகளையும் பாருங்கள். நிஜப் பேனிங்கில் அவை பளீரென்ற கோடாக நீளும். மென்பொருள் மங்கலில் பெரும்பாலும் சாம்பல் பட்டையாக மங்கிப்போகும். படத்தில் அந்த விளக்கு ஏற்கெனவே நிஜ வெளிச்சத்தின் அளவு பதிவாகாமல் வெறும் வெள்ளையாக நின்றுவிட்டிருப்பதால், இழுத்து நீட்ட அதில் வெளிச்சம் மிச்சமிருக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மங்கிய பாதத்தைக் கூர்மையாக்கப் பார்த்தால் இரட்டைக் கோடு விழும், ஓரத்தில் வெள்ளை விளிம்பு வரும். உள்ளரங்கில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 6400-க்கு மேலே கூட்டி எடுத்த படத்தில் மணல்போல் விழும் புள்ளிகளை முழுக்க நீக்கினால் தோல் மெழுகாகும். செயற்கை நுண்ணறிவு வழியாகப் புள்ளி நீக்கும் கருவிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். தெரியாத இடத்தை அவை ஊகித்து நிரப்புகின்றன. தூரத்துப் பார்வையாளரின் முகம் கோணிப்போகும், சட்டையில் உள்ள எழுத்து இல்லாத எழுத்தாகும். கைபேசியில் தெரியாது, பெரிதாக அச்சடித்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

தாண்டுகிறவரைக் கொஞ்சம் மேலே தூக்கி வைப்பதும் பலர் செய்கிற வேலை. நிழலை மறந்துவிடுவார்கள். நிழலை நகர்த்தினாலும் உடம்பு காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் ஏறும்போது இருக்கும் தோளும் இறங்கும்போது இருக்கும் தோளும் ஒன்றல்ல. சாதாரணக் கண்ணுக்கு "ஏதோ சரியில்லை" என்று மட்டும் தோன்றும். அந்த விளையாட்டை ஆடியவர் என்ன சரியில்லை என்பதையும் சொல்லிவிடுவார். உங்களிடம் குறை சொன்ன அந்தச் சிலர் யார் என்று விசாரித்துப் பாருங்கள், பந்தயத்தில் சைக்கிள் ஓட்டியவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செய்திக்கும் போட்டிக்கும் படம் அனுப்பினால் கதையே வேறு. 2010-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற உலக அளவிலான செய்திப் படப் போட்டியின் விளையாட்டுப் பிரிவில் பரிசு பெற்ற ஒரு தெருச் சண்டைப் படத்தொகுப்பைத் தகுதி நீக்கம் செய்தார்கள். ஒரு படத்தில் பின்னணியில் தெரிந்த ஒரு பாதத்தின் சிறு துண்டை அழித்திருந்ததுதான் காரணம். அதே படத்தை எடுத்தவர் அதைப் பெரிதும் வெட்டிச் சுருக்கியிருந்தார், கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார். பரிசைப் பறித்தது அவையல்ல, அந்தச் சிறு அழிப்புதான். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வெளிச்சத்தைக் கூட்டுவது வேறு, இருந்ததை இல்லாமல் ஆக்குவது வேறு.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது இன்னொன்று. 2024 ஜூலை 29 அன்று தாஹிட்டியில் ஒலிம்பிக் அலைச்சறுக்குப் போட்டியில், பிரேசில் வீரர் கேப்ரியல் மெடினா அலையிலிருந்து எழும்பி விரலை உயர்த்தியபடி அந்தரத்தில் நிற்கும் படத்தை ஜெரோம் ப்ரூயே என்ற புகைப்படக்காரர் எடுத்தார். பக்கத்தில் பலகையும் அவரைப் போலவே செங்குத்தாக நிற்கும். படகில் காத்திருந்து, வீரர் எங்கே எழும்புவார் என்று கணித்து எடுத்த நிஜப் படம் அது. அதைப் பார்த்துப் பலர் கேட்ட முதல் கேள்வி, "இது போட்டோஷாப்பா?" ஒரு மனிதனின் பொறுமைக்கும் திறமைக்கும் கிடைக்க வேண்டிய வியப்பு, சந்தேகமாக மாறிவிட்டது. நாம் ஆளுக்கொன்றாகத் தூக்கி வைத்த தாண்டல்கள்தான் அந்தச் சந்தேகத்தை வளர்த்தன என்று நினைக்கிறேன்.

அதற்காக மெருகே கூடாது என்று சொல்லமாட்டேன். 1948-இல் புகைப்படக்காரர் பிலிப் ஹால்ஸ்மன் எடுத்த, ஓவியர் சால்வடோர் டாலியின் படம் இருக்கிறது: ஓவியர் குதிக்கிறார், பூனைகள் பறக்கின்றன, தண்ணீர் வளைந்து பாய்கிறது. பொருள்களைத் தொங்கவிட்ட கம்பிகளைப் பிறகு அழித்தார்கள். ஆனால் பூனையும் தண்ணீரும் டாலியும் உண்மையாகவே ஒரே நொடியில் அந்தரத்தில் இருந்தார்கள், அதற்காக 28 முறை முயன்றார்கள். அது கனவுப்படம் என்று பார்த்தவுடனே தெரியும், யாரையும் ஏமாற்றவில்லை. விளம்பரம், சுவரொட்டி, கற்பனைப் படம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், கூடவே அப்படிச் செய்ததைச் சொல்லிவிடுங்கள்.

நான் இப்போது செய்வது: ரா கோப்பில் (கேமரா பதிவு செய்த மூலத் தரவில்) வெளிச்சம், நிறம், சாய்வு, வெட்டு. கேமராவின் சென்சாரில் ஒட்டிய தூசி படத்தில் தெரிந்தால் எடுத்துவிடுவேன். புள்ளி நீக்கத்தைப் பாதியில் நிறுத்திக்கொள்வேன். பின்னணியில் அலுவலர் நிற்பது பிடிக்கவில்லையென்றால் அடுத்த சுற்றில் இரண்டடி தள்ளி நின்று எடுப்பேன். அல்லது தரையோடு தாழ்ந்து, வானம் பின்னால் வரும்படி எடுப்பேன். அழிக்கிற இரண்டு மணி நேரத்தைவிட அது சுலபம். பிறகு திருத்திய படத்தை ஒருநாள் திறக்காமல் வைத்து, மறுநாள் மூலப்படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மூலத்தில் அதிகத் துடிப்பு இருந்தால் திருத்தியதை நீக்கிவிடுவேன். அந்தத் தடை ஓட்டப் படத்தின் மூலத்தையும் தேடி எடுத்து, தடை சாய்ந்தபடியே அந்தப் பெண்ணுக்கும் பயிற்சியாளருக்கும் அனுப்பினேன். பழைய பதிவை எடுத்துவிட்டேன்.