வனவிலங்குகளுக்கான தீவன நிலத்தில் களை: மருந்தில்லாமல் எப்படி அடக்குவது?

கேள்வி: மான், முயல், பறவைகள் வந்து மேய அரை ஏக்கரில் குளோவரும் (மூவிலைத் தீவனச் செடி, பயறு இனம்) தட்டைப்பயறும் விதைத்தேன். களை மேலோங்கிவிட்டது. களைக்கொல்லி தெளிக்க விருப்பமில்லை. விதைப்பு நேரத்தை ஒட்டி இரண்டு முறை உழுதும் குறையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த உழவே களையைக் கூட்டியிருக்கும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் களை விதைகளை ஆழ உழவு மேலே கொண்டுவருகிறது. வெளிச்சமும் ஈரமும் பட்டதும் அவை முளைக்கின்றன. பெரும்பாலான சிறு விதைகள் மேல்மண்ணின் சில சென்டிமீட்டரிலிருந்துதான் முளைக்கும். ஆகவே அடிமண்ணைக் கிளறாமல், மேலே இருப்பதை மட்டும் தீர்த்துக்கட்டுவதுதான் வழி.

அடுத்த விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே நிலத்தைத் தயார் செய்து, ஒன்றும் விதைக்காமல் விட்டுவிடுங்கள். மழை பெய்தாலோ நீர் பாய்ச்சினாலோ பத்துப் பதினைந்து நாளில் களை முளைத்துவிடும். மண்ணைக் கொஞ்சம் விரலால் நீக்கிப் பாருங்கள்: நாற்றுகள் வெள்ளை நூல் போல இருக்கும், சில இரண்டு இலை விட்டிருக்கும். சுரண்ட வேண்டிய நேரம் அதுதான். வெயில் காயும் நாளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் சுரண்டினால் வேர் வெளியே வந்து மாலைக்குள் வாடிவிடும். மழை மேகம் இருக்கும் நாளில் செய்தால் பாதி மறுபடி வேர் பிடித்துக்கொள்ளும், உழைப்பு வீண். இன்னொரு சுற்று முளைக்க விட்டு, மீண்டும் சுரண்டிவிட்டு விதையுங்கள். விதைக்கும்போதும் மண்ணை ஆழமாகப் புரட்ட வேண்டாம். குளோவர் விதை மிகச் சிறியது, அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும்.

விதையைக் கொஞ்சம் நெருக்கமாகப் போடுங்கள். குளோவர் ஆரம்பத்தில் மெதுவாக வளரும். அதனுடன் ஓட்ஸைச் சேர்த்து விதைத்தால் அது சீக்கிரம் எழுந்து களைக்கு நிழல் தட்டும், மானுக்கும் தீனியாகும். களை ரொம்ப மோசமான நிலமா? ஒரு பருவம் பக்வீட் (சீக்கிரம் வளரும், அகன்ற இலையுள்ள ஒரு தானியச் செடி) மட்டும் விதைத்து மூடுங்கள். வேகமாக நிலத்தைப் போர்த்தும். விதை முற்றும் முன் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பருவத்தில் அதுவே களை!

கோரையும் அருகும் இருந்தால் கதை வேறு. சுழல்கலப்பை விட்டால் தண்டும் கிழங்கும் துண்டு துண்டாகி நிலமெங்கும் பரவும். சின்னத் திட்டு என்றால் கொத்திக் கிழங்கோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தளிரை வெட்டி, மேலே நெருக்கமான பயிரால் நிழலாக்குங்கள். இதில் பொறுமை தவிர வேறு குறுக்குவழி இல்லை.

குளோவர் நன்றாகப் பிடித்த பிறகு, உயரமாக எழும் களைகளைப் பூக்கும் தருணத்தில், விதை கட்டும் முன், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டினால் குளோவருக்குப் பாதிப்பு அதிகமில்லை. தட்டைப்பயறை அப்படி வெட்டக் கூடாது, அது குளோவர் மாதிரி எளிதாகத் தழைக்காது. வெட்டும் முன் நடந்து பாருங்கள். கூடு கட்டிய பறவையோ, புல்லில் பதுங்கிய மான்குட்டியோ இருக்கலாம். யூரியா வேண்டவே வேண்டாம். பயறுவகைகள் தழைச்சத்தைத் தாமே தேடிக்கொள்ளும், யூரியா புல் களைகளுக்குத்தான் விருந்து.

அப்புறம் ஒன்று: எல்லாக் களையையும் ஒழிக்க நினைக்காதீர்கள். பறவைகளுக்கு விதையும் பூச்சியும் தரும் அகன்ற இலைக் களைகள் அங்கங்கே இருப்பது நல்லதுதான். பயிரை மூடிப் போகும் களையை மட்டும் துரத்துங்கள்.