எத்தனை வீடு குறைகிறது? எப்படி எண்ணுகிறார்கள்?

கேள்வி: நம் நாட்டு நகரங்களில் 2007-இல் 2.47 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றார்கள். 2012-இல் 1.88 கோடி என்றார்கள். ஐந்து வருடத்தில் அறுபது லட்சம் குறைந்தது எப்படி? அவ்வளவு வீடு கட்டிவிட்டார்களா? (வாசகர், ஈரோடு)

பதில்: பெரும்பகுதி, எண்ணிய முறை மாறியதால் வந்த வித்தியாசம். இரண்டு எண்களையும் தந்தவை மத்திய வீட்டு வசதி அமைச்சகம் அமைத்த தொழில்நுட்பக் குழுக்கள். 2007 கணக்கைப் பிரித்துப் பார்த்தால், வீடுகளைவிடக் குடும்பங்கள் 74.7 லட்சம் அதிகம், நெரிசலில் வாழும் குடும்பங்கள் 126.7 லட்சம், பழுதான வீடு 23.9 லட்சம், மாற்றிக் கட்டவேண்டிய கச்சா வீடு (மண், ஓலை போன்றவற்றால் ஆனது) 21.8 லட்சம். பிறகு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. நகரங்களில் குடியிருக்கும் வீடுகளும் குடும்பங்களும் ஏறக்குறைய சமமாக இருப்பது அதில் தெரிந்தது. எனவே பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான 2012 குழுவின் பட்டியலில் அந்த முதல் இனமே இல்லை. பழுதுபார்த்துக் குடியிருக்க முடிந்த கச்சா வீட்டையும் அந்தக் குழு சேர்க்கவில்லை.

குழு தந்த கணக்கு இது: நெரிசல் 149.9 லட்சம், பழுதான வீடு 22.7 லட்சம், பழுதுபார்க்கவே முடியாத கச்சா வீடு 9.9 லட்சம், வீடற்ற குடும்பங்கள் 5.3 லட்சம். கூட்டினால் 187.8 லட்சம்.

மொத்தத்தைவிட இந்தப் பிரிவுகளைத்தான் கவனிக்கவேண்டும். இந்தக் கணக்கில் வரும் குடும்பங்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கூரை இருக்கிறது, அறைதான் போதவில்லை. கல்யாணமான மகனும் மருமகளும் படுக்கத் தனி அறை இல்லை என்பதுதான் அங்கே குறை. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தால் வேலையும் பள்ளியும் தூரமாகிவிடும். இருக்கும் இடத்திலேயே ஓர் அறை கூட்டிக் கட்டப் பணம் கொடுத்தால் குறை தீரும். 2015 ஜூன் 25-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் இதற்கு வழி வைத்தார்கள். சொந்த மனையில் இருக்கும் வீட்டை விரிவாக்கக் குறைந்தது 9 சதுர மீட்டர், அதாவது சுமார் 97 சதுர அடி, கூட்டிக் கட்டவேண்டும் என்றது அந்தத் திட்டம். விரிவாக்கிய பின் மொத்த உட்பரப்பு 21-இலிருந்து 30 சதுர மீட்டருக்குள் இருக்கவேண்டியிருந்தது. மத்திய அரசின் உதவி 1.5 லட்சம் ரூபாயாக இருந்தது. பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அரசே அமைத்த குழு சுதந்திரமாக எப்படிப் பேசும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: யார் அமைத்தார்கள் என்பதோடு, கணக்கை வெளியாள் திரும்பப் போட்டுப் பார்க்க முடிகிறதா என்றும் பாருங்கள். 2012 குழு 'நெரிசல்' என்றால் என்ன, 'பழுது' என்றால் என்ன என்று எழுதி வைத்தது. அதற்கு அடிப்படையான கணக்கெடுப்பு அட்டவணைகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. பற்றாக்குறையில் 100-க்கு 95-க்கும் மேல் மிக ஏழைகளும் குறைந்த வருமானக்காரர்களும்தான் என்றும் அதே அறிக்கை சொன்னது. நடுத்தர வர்க்கத்துக்கு அடுக்குமாடி கட்டி விற்பவர்களுக்கு உவப்பான முடிவு அல்ல இது. ஆனாலும் வெளிவந்தது.

கேள்வி: இத்தனை வீடு காலியாகக் கிடக்கும்போது பற்றாக்குறை என்பது எப்படி? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 2011-இல் நகரங்களில் காலியாக இருந்தவை சுமார் 1.11 கோடி. ஏன் காலி, யாருடையது, என்ன வாடகை என்று அந்தக் கணக்கெடுப்பு கேட்கவில்லை. விற்காத அடுக்குமாடி, வெளிநாட்டில் இருப்பவர் வீடு, வாடகைக்கு விடப் பயந்து பூட்டியது, எல்லாம் ஒரே கட்டத்தில் விழுந்துவிட்டன. காரணம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இதைக் கையில் எடுத்து, தெளிவில்லாத சொத்துரிமை, ஒப்பந்தத்தை அமல்படுத்தச் சிரமம், குறைந்த வாடகை வருமானம் ஆகியவற்றைச் சொன்னது. நகர வீடுகளில் வாடகையின் பங்கு 1961-இல் 54 சதவீதம், 2011-இல் 28 சதவீதம் என்றும் காட்டியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2015 திட்டம் 2 கோடி வீடு என்ற இலக்கோடு தொடங்கியது. மாநிலங்கள் 'தேவை ஆய்வு' நடத்தியபின் அது சுமார் 1.12 கோடி ஆயிற்று. விண்ணப்பித்தவரை எண்ணுவது வேறு, வீடு வேண்டியவரை எண்ணுவது வேறு. மனையும் ஆவணமும் இல்லாமல் வாடகைக்கு இருப்பவர் முதல் கணக்கில் எளிதாக விடுபட்டுப் போவார். அவரை விட்டுவிட்டுப் போட்ட கணக்கைத் தேவை என்று அழைப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

கேள்வி: மகன் மாடியில் தனியாகச் சமைக்கிறான். ரேஷன் கார்டு ஒன்றுதான். கணக்கெடுக்க வருகிறவரிடம் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடலாமா? வீட்டு வரி கூடிவிடுமோ? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சொல்லாதீர்கள், அம்மா. கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு அளவுகோல் சமையல்தான், ரேஷன் கார்டு அல்ல. தனி உலை என்றால் தனிக் குடும்பம். ஒன்றாகச் சொன்னால் உங்கள் தெருவில் ஒரு குடும்பம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

அறைகளை எண்ணும்போதும் தவறு நடக்கிறது. அறை குறைந்தது 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் இருக்கவேண்டும். ஹால் சேரும். தனிச் சமையலறை, குளியலறை, சாமான் அறை சேராது. ஒரே அறையில்தான் சமையலும் படுக்கையும் என்றால் அது ஓர் அறை. பெருமைக்காகச் சமையலறையையும் சேர்த்து மூன்று அறை என்று சொன்னால், நெரிசலில் இருக்கும் உங்கள் வீடு தாராளமான வீடாகப் பதிவாகிவிடும். மணமான தம்பதிகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லுங்கள். நெரிசலைக் கணக்கிட உதவுவது அந்த விவரம்தான்.

வரியைப் பற்றிப் பயம் வேண்டாம். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, நீங்கள் சொன்ன விவரம் பதிவான தாளை வேறு யாரும் கேட்டுப் பார்க்க முடியாது.