ஏழு கையெழுத்துக்கு முன்னால்: ஏற்காடு கூடல் கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் கூடினோம். சேலம், ஆத்தூர், ஓமலூர், மேட்டூர் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறவர்கள், விக்கிமூலத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவர்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தங்கள் ஊர்த் தெருவையும் கிணற்றையும் குறிக்கிறவர்கள். எல்லாமே இணையத்தில், எல்லாமே சம்பளம் இல்லாமல். "நம்மைப் போன்றவர்களுக்காக நாடு முழுவதற்கும் முறைப்படி பதிவான ஓர் அற அமைப்பு, உலக அமைப்பின் நாட்டுக் கிளையாக, வேண்டும்" என்ற பேச்சு எழுந்தது. சேலத்தில் பதிவான ஒரு சிறு சங்கத்தில் ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தவன் என்பதால் கேள்விச் சீட்டுகளை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, பத்து வருடமாகப் பதிவு எதுவும் இல்லாமல் நன்றாகத்தானே வேலை நடக்கிறது? எதற்குப் பதிவு?
*கல்லூரி மாணவி, ஓமலூர்*

எழுதுவதற்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும் பதிவு தேவையே இல்லை. பணம் உள்ளே வரும் நாளில்தான் தேவை வருகிறது.

சங்கமாகப் பதிவதற்கு முன் எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி ஒன்றில் பயிற்சி முகாம் நடத்த நன்கொடை வந்தது. சங்கம் இல்லை, கணக்கு இல்லை. உறுப்பினர் ஒருவருடைய சொந்த சேமிப்புக் கணக்கில் போட்டோம். அவர் ஒரு பைசா தொடாத மனிதர். ஆனால் அந்த வருடம் அவர் வருமான வரிக் கணக்கில் அந்தப் பணத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. செலவுக்கான ரசீதுகளை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அதில் பாதி வெயிலில் மை மங்கிப் போன பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸ் கடைத் துண்டுச் சீட்டும். யாரோ ஒருவர் "கணக்கு எங்கே?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான். அவர் மனம் உடைந்து குழுவை விட்டே போய்விட்டார். நல்ல எழுத்தாளர் ஒருவரை அப்படித்தான் இழந்தோம். நல்லவர்களை இந்த நிலையில் நிறுத்தக் கூடாது என்பதற்காகத்தான் பதிவு வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி, சட்டம் சொல்லும் நோக்கங்களுக்காக இயங்கும் சங்கத்தில் 20 பேர் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். 10,000 ரூபாய் இன்று ஒரு கூடலுக்கே ஆகிவிடுகிறது.

சங்கம், டிரஸ்ட், கம்பெனி என்று மூன்று சொல்கிறார்கள். நமக்கு எது?
*நெசவாளர், அம்மாப்பேட்டை*

டிரஸ்ட் எளிது. பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் ஆயிற்று. ஆனால் அது நிறுவியவர் கையிலும் அறங்காவலர் கையிலும் இருக்கிற அமைப்பு. உறுப்பினர் ஓட்டுப் போட்டு ஆளை மாற்றும் வழி இயல்பாக அதில் இல்லை. ஒரு குடும்பம் பள்ளிக்கூடம் நடத்தப் பொருத்தம். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எழுதலாம் என்று சொல்லும் கூட்டத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சங்கம் நம் இயல்புக்கு நெருக்கமானது. குறைந்தது ஏழு பேர், எல்லோரும் 18 வயது நிரம்பியவர்கள். மெமோரண்டம் (சங்கத்தின் நோக்கம் சொல்லும் பத்திரம்), பைலா (உள்விதிகள்) இரண்டையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பொதுக்குழு, செயற்குழு, தேர்தல் எல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. செயற்குழுவின் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆள் மாறியிருப்பார், பதிவாளர் ஏட்டில் பழைய செயலாளரே இருப்பார். அப்புறம் வங்கியில் கையெழுத்து மாற்றப் போனால் நிற்க வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, கம்பெனிகள் சட்டம் 2013-ல் 8-ஆம் பிரிவின் கீழ் வரும் லாப நோக்கமற்ற கம்பெனி. அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

சேலத்தில் பதிந்துவிட்டு 'தேசிய' அமைப்பு என்று சொல்லிக்கொள்ள முடியுமா தம்பி?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்*

ஐயா, முதலில் பெயர். 'தேசிய', 'இந்திய' போன்ற சொற்கள் அரசு ஆதரவு இருப்பது போன்ற எண்ணத்தைத் தந்தால் பதிவாளர் கேள்வி கேட்பார். மாற்றுப் பெயர் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும்.

பெயரை விடப் பெரிய விஷயம் சட்டம். சங்கப் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு. 8-ஆம் பிரிவுக் கம்பெனி மத்தியச் சட்டத்தில் வருகிறது, அதனால் நாடு முழுவதும் ஒரே விதி. பதிவு செய்த அலுவலகம் சேலத்தில் இருந்தால் கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளரின் கீழ் வரும். கேரளத்திலும் அசாமிலும் இருக்கிற இயக்குநர்கள் வீடியோ வழியாகவே போர்டு கூட்டத்தில் உட்காரலாம். இணையத்தில் பிறந்த குழுவுக்கு இது பெரிய வசதி.

ஆனால் கண்டிப்பு அதிகம். வருடாந்திரப் படிவங்களைத் தாமதமாகக் கொடுத்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவம், ஆறு மாதம் மறந்துவிட்டால் 36,000 ரூபாய். தன்னார்வலர் அமைப்பு ஒன்றின் வருட வரவே அவ்வளவுதான் இருக்கும்.

என் யோசனை: முதலில் சேலத்தில் சங்கமாகப் பதிந்து, இரண்டு மூன்று வருடம் கணக்கை ஒழுங்காக நடத்திப் பாருங்கள். மற்ற மாநிலத்து நண்பர்கள் உண்மையாகவே பொறுப்பெடுக்க முன்வந்தால் அப்போது கம்பெனி. ஏழு பேரும் சேலத்துக்காரர்களாக இருந்துகொண்டு 'தேசிய' என்று பலகை மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏழு பேரில் கணவன், மனைவி, தம்பி என்று போட்டுக்கொள்ளலாமா?
*எஸ்டேட் பணியாளர், மஞ்சக்குட்டை*

வேண்டாம். நன்கொடை தருகிறவர் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

பதிவின்போது எங்கே சிக்கல் வரும்?
*கணினி மைய உரிமையாளர், தாதகாப்பட்டி*

எழுத்துப் பிழையில். சிரிக்காதீர்கள், நான் பட்டது இது. எங்கள் சங்கப் பெயரில் 'ஷெவராய்' என்ற சொல் உண்டு. ஆங்கிலத்தில் அதை இரண்டு விதமாக எழுதுவார்கள். பதிவுச் சான்றிதழில் 'வி'க்குப் பிறகு ஒரு 'ஏ' இருந்தது. பான் கார்டில் அந்த 'ஏ' இல்லை. ரப்பர் ஸ்டாம்பு செய்தவர் பான் கார்டைப் பார்த்துச் செய்துவிட்டார். வங்கியில் கவுண்டரில் இருந்தவர் மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்து, பேனா முனையால் அந்த ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் மேல் தப்பே இல்லை. பான் கார்டைத் திருத்தி, ஸ்டாம்பு மாற்றி, கணக்குத் தொடங்க இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் முகாமுக்குக் கேட்டிருந்த நன்கொடை கைநழுவிப் போனது.

ஆகவே பெயரை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஏழு பேரும் எழுத்துக் கூட்டிப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். அலுவலக முகவரிக்கு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். வாடகை வீடு என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உலக அமைப்பின் பெயரையும் சின்னத்தையும் நாம் எடுத்துக்கொள்ளலாமா? அவர்களுக்குக் கீழேயா இருப்போம்?
*மொழிபெயர்ப்பாளர், ஃபேர்லேண்ட்ஸ்*

அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது, அது வணிகச் சின்னம். நாட்டுக் கிளை என்பது சட்டத்தின் கண்ணில் தனி அமைப்பு. தாய் அமைப்புடன் ஒப்பந்தம் போட்டுத்தான் பெயரைப் பயன்படுத்தும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் அமைப்பு அமெரிக்காவில் 2003-ல் தொடங்கியது. மறு வருடமே, 2004-ல், ஜெர்மனியில் முதல் நாட்டுக் கிளை அந்நாட்டுச் சட்டப்படி தனிச் சங்கமாக உருவானது.

நம் நாட்டு அனுபவமும் தெரிந்திருக்க வேண்டும். விக்கிமீடியா இந்தியா 2011-ல் பெங்களூரில் சங்கமாகப் பதிவானது. தன்னார்வலர்களே கட்டியது. 2019-ல் கிளை என்ற அங்கீகாரம் போய்விட்டது. ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றுவதிலும் சட்டப்படியான உரிமங்களைப் பெறுவதிலும் இருந்த சிக்கல்கள்தான் காரணம் என்று அறிவித்தார்கள். உழைத்தவர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அவர்கள் செய்தது பெரிய காரியம். அதற்குப் பிறகும் தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கிளை போனாலும் வேலை நிற்கவில்லை. ஆனால் கிளையை நடத்த எழுத்தார்வம் மட்டும் போதாது. கணக்கு, படிவம், கெடுத்தேதி இதற்கென்று மனம் ஒப்பி உட்காரும் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். அந்த இரண்டு பேர் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். என் தங்கை அமெரிக்காவில். நாங்கள் பணம் அனுப்பலாமா?
*தாரமங்கலத்துக்காரர், சிங்கப்பூர்*

உங்கள் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தாராளமாக அனுப்பலாம். சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக வரும் அந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ரசீதுடன் வைத்துக்கொள்வோம். தங்கை அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. தாரமங்கலத்தில் பிறந்தவராக இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பணம்தான்.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. முழுப் பதிவுக்கு அமைப்பு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்தில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே 'தேசியக் கிளை வாங்கி மாநிலச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்' என்று கூடலில் ஒருவர் சொன்ன திட்டம் நடக்காது. முதல் மூன்று வருடத்தை உள்நாட்டுப் பணத்திலேயே ஓட்டப் பழகுங்கள். கூடலுக்கு ஆளுக்கு 200 ரூபாய் போட்டோமே, அந்த வழிதான்.

80ஜி இருந்தால்தான் ஆட்கள் பணம் தருவார்கள் என்கிறார்களே?
*வெள்ளிப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை*

ஓரளவு உண்மை. 80ஜி பதிவு இருந்தால் நன்கொடை தருகிறவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும். ஆனால் புதிய வரி முறையில் கணக்குக் கொடுக்கிறவருக்கு அந்தக் கழிவு இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவும் கிடையாது. புது அமைப்புக்கு மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு கொடுப்பார்கள். அது முடிய ஆறு மாதம் இருக்கும்போது அல்லது பணிகளைத் தொடங்கி ஆறு மாதத்துக்குள், எது முந்தியோ அதற்குள் வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "மூன்று வருடம் இருக்கிறதே" என்று இருந்துவிடாதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்களும் வேறு. ஆடிட்டரிடம் பேசும்போது பழைய எண்ணைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்.

கிளை வந்தால் நாம் எழுதுவதை அவர்கள் திருத்துவார்களா? எனக்கு ஆங்கிலமும் வராது.
*அரசுப் பள்ளி ஆசிரியை, நாகலூர்*

அக்கா, கூடலில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கிளைக்கு உங்கள் எழுத்தின் மேல் எந்த அதிகாரமும் இருக்கக் கூடாது. எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதை இணையத்தில் எழுதுகிறவர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கிளையின் வேலை மண்டபம் பிடிப்பது, ஸ்கேனர் வாங்குவது, கல்லூரிக்குக் கடிதம் எழுதுவது, கணக்கு வைப்பது. இதைப் பைலாவில் தனி வரியாகவே எழுதுங்கள்.

மொழி விஷயத்தில் உங்கள் பயம் நியாயம். பல மாநிலத்தார் சேர்ந்தால் கூட்டம் தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடும். நன்றாக உழைக்கிறவர்கள் வாய் மூடி உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். யாரும் தன் மொழியில் பேசலாம், பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பார் என்பதும் பைலாவில் இருக்கட்டும். கூட்டம் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

மினிட்ஸ் புத்தகத்தில் என்னதான் எழுதுவது?
*வரைபடத் தன்னார்வலர், மேட்டூர்*

பேச்சை எழுத வேண்டாம், முடிவை எழுதுங்கள். பக்க எண் அச்சிட்ட கெட்டி அட்டை நோட்டு, ஒரே நிற மை. இடையில் வெற்றுப் பக்கம் விடக் கூடாது. எதையாவது அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சிறு கையெழுத்து. வந்தவர்கள் பெயரும் கையெழுத்தும் முதலில், தீர்மானங்கள் அடுத்து. நம் கூடலுக்கே எழுதுவதாக வைத்துக்கொண்டால் இப்படி வரும்:

"தீர்மானம் 3: ஏற்காடு கூடலுக்கு மண்டப வாடகை ரூ. 3,500, 42 பேருக்கு மதியச் சாப்பாடு ரூ. 5,040, ஆக ரூ. 8,540 செலவானது. உறுப்பினர்களிடம் வசூலான ரூ. 8,400 போக மீதி ரூ. 140 பொருளாளர் கைப்பணம். அடுத்த கூட்டத்துக்குள் அவருக்குத் திருப்பித் தரப்படும். வவுச்சர் எண் 1, 2 இணைக்கப்பட்டுள்ளன. ஒருமனதாக நிறைவேறியது."