விசாரணை மன்றங்களின் நோக்கம்: உங்கள் கேள்விக்கு

இடைக்காலக் கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணை மன்றங்களைப் (இன்குவிசிஷன்) பற்றி, “எரித்துக் கொல்லவே இந்த மன்றங்கள்” என்று கட்டுரையில் எழுதியதைப் பேராசிரியர் அடித்துவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். 1231 வாக்கில் போப் ஒன்பதாம் கிரகோரி விசாரணையாளர்களை நியமிக்கத் தொடங்கியபோது முதல் நோக்கம், மாற்றுக் கொள்கையில் போனவரை ஒப்புக்கொள்ள வைத்து, தவம் விதித்து, திருச்சபைக்குள் திரும்பக் கொண்டுவருவது.

தென் பிரான்சில் பாமியே ஆயர் ஜாக் ஃபூர்னியேயின் விசாரணைப் பதிவேட்டைப் பாருங்கள். பெயாட்ரிஸ் என்ற பிரபு குலத்து விதவையை 1321-இல் சிறையில் அடைத்தார்கள். மறு ஆண்டே விட்டார்கள், ஆனால் உடையில் மஞ்சள் துணிச் சிலுவை தைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும். ஊரே பார்க்கும் அவமானம் அது. ஃபூர்னியே விசாரித்தவர்களில் எரிக்கப்பட்டவர்கள் ஐந்து பேர். பிடிவாதமாக மறுத்தவர்களையும் மீண்டும் பழைய கொள்கைக்குப் போனவர்களையும் அரசு அதிகாரிகளிடம் ஒப்படைப்பார்கள், எரித்தது அவர்கள்.

அதற்காகத் திருச்சபையை வெள்ளையடித்துவிடாதீர்கள். ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 1252-இல் போப் நான்காம் இன்னசென்ட் சித்திரவதைக்கும் அனுமதி கொடுத்தார். ஒப்புக்கொள்பவர் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டும். மனம் திருப்புவது என்ற நோக்கமே அச்சத்தின் மேல்தான் நின்றது. கட்டுரையில் இதை அழுத்தி எழுதுங்கள்.

அப்புறம், 1478-க்குப் பிந்திய ஸ்பெயின் விசாரணை மன்றத்தைத் தனிப் பத்தியாக வையுங்கள். அங்கே கடிவாளம் அரசர் கையில் இருந்தது.