முழங்கால் வலியும் மூன்று கோட்டைகளும்

கேள்வி: டெல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம், நடுவில் ஒரே ஒரு நாள் ஜெய்ப்பூர். என் கணவர் ஆம்பேர், ஜெய்கர், நாகர்கர், சிட்டி பேலஸ், ஜந்தர் மந்தர், ஹவா மஹால் என்று ஆறு இடம் எழுதி வைத்திருக்கிறார். கூட வருகிற மாமியாருக்கு முழங்கால் வலி. முடியுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: முடியும், காரை விட்டு இறங்காமல் பார்ப்பதென்றால். முதலில் பட்டியலிலிருந்து நாகர்கரை அடித்துவிடுங்கள். பொழுது சாயும்போது மேலிருந்து ஊரைப் பார்க்க அருமையான இடம்தான், ஆனால் அதற்குள் உங்கள் மாமியார் சாய்ந்துவிடுவார்.

காலை 8 மணிக்கு ஆம்பேர் கோட்டை வாசலில் இருங்கள், ஊரிலிருந்து 11 கிலோமீட்டர்தான். நேரமானால் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கும், அப்புறம் உள்ளே இருக்கும் கண்ணாடி மாளிகையில் முன்னால் நிற்பவர்களின் பின்தலைதான் தெரியும். யானைச் சவாரி வேண்டாம். அந்தக் கல் சரிவில் நம்மைச் சுமந்து ஏறி இறங்கி அது படுகிற பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே மனசு வராது. ஜீப்போ காரோ பின்பக்கச் சாலையில் வாசல் கிட்டவே கொண்டுபோய் விடும், முழங்காலுக்கும் அதுதான் தோது. 1592ல் ராஜா மான்சிங் ஆரம்பித்ததை அடுத்தடுத்து வந்தவர்கள் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது இந்தக் கோட்டை. கண்ணாடி மாளிகையில் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்கள் குனிந்து தூணின் அடியைப் பாருங்கள். சலவைக்கல்லில் ஒரு பூச்செடி, மேலே இரண்டு வண்ணத்துப்பூச்சி. கல்லைத் தொடாமல் கையால் ஒரு பக்கத்தை மறைத்தால் மீன் வால் தெரியும், இன்னொரு பக்கத்தை மறைத்தால் படமெடுத்த நாகம், இன்னும் நகர்த்தினால் யானைத் துதிக்கை, தேள். எல்லாம் அந்த ஒரே பூவுக்குள்.

அடுத்து ஜெய்கர், மேலே வரை கார் போகும். 1720ல் அங்கேயே வார்த்த ஜெய்வாண் பீரங்கி 50 டன் எடை, சோதனைக்காக ஒரு தடவை சுட்டதோடு சரி, போருக்குப் போனதே இல்லை. என்னைக் கேட்டால் பீரங்கியை விடத் தண்ணீர்த் தொட்டிதான் விசேஷம். அரவல்லி மலையில் விழுகிற மழையைக் கால்வாய் வெட்டிக் கோட்டைக்குள் கொண்டுவந்து நிலத்தடித் தொட்டிகளில் தேக்கியிருக்கிறார்கள். 1976ல் எமர்ஜென்சி சமயத்தில் இங்கே புதையல் தேடித் தோண்டினார்கள், பாகிஸ்தான் பிரதமர் புட்டோ எங்களுக்கும் பங்கு உண்டு என்று கடிதமே எழுதினார், கடைசியில் எதுவும் கிடைக்கவில்லை என்று இந்திரா பதில் போட்டார்! அந்த வறண்ட மலையில் தண்ணீரைச் சேர்த்தவனுக்கு வேறு புதையல் எதற்கு?

சாப்பாட்டுக்குப் பிறகு ஜந்தர் மந்தர், வானத்தை அளக்கக் கட்டிய பழைய வானியல் கூடம். ஹவா மஹாலும் சிட்டி பேலஸும் பக்கத்திலேயே இருக்கின்றன, தெம்பு இருந்தால் பாருங்கள். ஆம்பேர், ஜந்தர் மந்தர், ஹவா மஹாலுக்கு ஒரே கூட்டு டிக்கெட் உண்டு. ஜெய்கருக்கும் சிட்டி பேலஸுக்கும் தனியாக எடுக்க வேண்டும்.

கேள்வி: பிப்ரவரியில் ஜந்தர் மந்தர் போனேன். உலகத்திலேயே பெரிய சூரியக் கடிகாரம் என்றார்கள், என் வாட்ச்சை விட 40 நிமிஷம் பின்னால் காட்டியது. ரிப்பேரா? (வாசகர், கோவை)

பதில்: ரிப்பேர் இல்லை, இரண்டும் வேறு வேறு நேரம். உங்கள் வாட்ச் இந்தியா முழுக்கப் பொதுவான 82.5 டிகிரி தீர்க்கரேகையின் கணக்கில் ஓடுகிறது, ஜெய்ப்பூர் இருப்பதோ சுமார் 75.8ல். டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால் 27 நிமிஷம் அங்கேயே போய்விட்டது. பூமி சூரியனை ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் பிப்ரவரி நடுவில் சூரியன் இன்னொரு 14 நிமிஷம் தாமதம். கூட்டிப் பாருங்கள், 41. நவம்பர் ஆரம்பத்தில் போயிருந்தால் 11 நிமிஷ வித்தியாசம்தான் வந்திருக்கும். கடிகாரத்துக்கு முள்ளாக நிற்கும் அந்த 27 மீட்டர் உயரச் சுவரின் நிழல் நிமிஷத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் நகரும். நிழலின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள், நிழல் ஏறி வருவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: ஹவா மஹாலைத்தான் எல்லா போட்டோவிலும் பார்த்தாச்சே, உள்ளே வேறு போக வேண்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: போட்டோவில் நீங்கள் பார்த்தது அதன் முதுகு, வாசல் அந்தப் பக்கம். 1799ல் கட்டியது, 953 சாளரங்கள், மேல் மூன்று அடுக்கும் ஒரு அறை அகலம்தான். மாடிக்குப் போகப் படிக்குப் பதில் சரிவுப் பாதை. ஏறிப்போய் ஒரு சின்னச் சாளரத்தில் கண்ணை வைத்துக் கடைத்தெருவைப் பாருங்கள். தெருவில் போகிறவர்களுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.