புது கன்சோலில் பழைய கேம்: படம் ஏன் மாறவில்லை?

கேள்வி: பிளேஸ்டேஷன் 4-இல் (பிஎஸ்4) ஆடிய கேமை, புதிதாக வாங்கிய பிஎஸ்5-இல் போட்டேன். லோடிங் வேகமாகிவிட்டது, படம் மட்டும் அப்படியே இருக்கிறது. கோளாறு கன்சோலிலா, டிவியிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. ஓடிக்கொண்டிருப்பது கேமின் பிஎஸ்4 பதிப்பாக இருக்கும்.

ஒரு கேமின் தோற்றம் அது எந்த மெஷினுக்காகச் செய்யப்பட்டதோ அதன் கணக்கிடும் திறனுக்கும் மெமரிக்கும் உள்ளே அடங்கியது. முதல் பிளேஸ்டேஷனில் சுவரும் தரையும் நெளிவதைக் கவனித்திருப்பீர்கள். காட்சியில் உள்ள எல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனவை; அவற்றின் முனைகளை அது முழுப் பிக்சல்களில்தான் வைக்கும். டெக்ஸ்சரை, அதாவது மேற்பரப்பில் ஒட்டும் படத்தை, ஒட்டும்போது தூரத்தையும் கணக்கில் எடுக்காது. அதே காலத்து நின்டெண்டோ 64 நெளியாது. ஆனால் அதன் டெக்ஸ்சர் மெமரி வெறும் 4 கிலோபைட். சின்னப் படத்தைப் பெரிய சுவரில் இழுத்து ஒட்டியதால் எல்லாம் மங்கல்.

பிஎஸ்4-இல் மொத்த மெமரி 8 ஜிபி, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அந்த அளவுக்கு வெட்டித் தைத்த டெக்ஸ்சர்களையும் மாடல்களையும் 16 ஜிபி மெமரி, நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) உள்ள பிஎஸ்5-இல் போட்டாலும் அவை அதே துணிதான். கேமின் புரோகிராமிலேயே நொடிக்கு 30 ஃபிரேம் (படம்) என்று பூட்டியிருந்தால், அப்டேட் வராதவரை 30-தான். திணறிய இடங்களில் திணறாது, அவ்வளவே.

ஆகவே முதலில் பதிப்பைப் பாருங்கள். கேமின் பக்கத்தில் ‘பிளே’ பட்டனை ஒட்டியுள்ள மூன்று புள்ளியை அழுத்துங்கள்; பிஎஸ்5 பதிப்பு இருந்தால் அங்கே தேர்ந்தெடுக்கலாம். பிஎஸ்4 டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஸ்டோரில் அப்கிரேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு இலவசம், சிலவற்றுக்குக் கட்டணம். பிறகும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் சேவ் ஃபைலை இழக்கிறார்கள். பல கேம்களில் பழைய சேவ் ஃபைலைப் புதுப் பதிப்பு தானாக எடுத்துக்கொள்ளாது. பழையதைத் திறந்து, அதன் மெனுவிலிருந்து அப்லோட் செய்ய வேண்டும். அது முடியும்வரை பிஎஸ்4 பதிப்பை டெலீட் செய்யாதீர்கள். யுஎஸ்பி டிரைவிலிருந்து பிஎஸ்4 கேம் ஓடும், பிஎஸ்5 கேம் ஓடாது; உள் எஸ்எஸ்டியில் இடம் வைத்திருங்கள்.

அடுத்து, பல கேம்களுக்குள் ‘குவாலிட்டி’யா (படத் தெளிவு) ‘பெர்ஃபார்மன்ஸ்’ஸா (அதிக ஃபிரேம்) என்று கேட்கும். 4கே-யில் 83 லட்சம் பிக்சல், 1080பி-யில் 21 லட்சம்: ஏறத்தாழ நான்கு மடங்கு வேலை. 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்தாக வேண்டும், 30-க்கு 33.3 மில்லிநொடி கிடைக்கும். அதனால்தான் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. உங்களுடையது 1080பி டிவி என்றால் யோசிக்காமல் பெர்ஃபார்மன்ஸ் வையுங்கள். கேமுக்குள் பார்வையை வேகமாகத் திருப்பிப் பாருங்கள். தலைமுறை வித்தியாசம் அங்கேதான் கண்ணில் படும்.

4கே-யில் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 ஃபிரேம்) கேட்பவர்களுக்கு டிவியில் எச்டிஎம்ஐ 2.1 போர்ட் வேண்டும். பல டிவிகளில் எல்லா போர்ட்டும் அந்த வகை அல்ல. கன்சோலோடு வந்த கேபிளைச் சரியான போர்ட்டில் செருகி, அந்த போர்ட்டுக்கான சிக்னல் அமைப்பை டிவி மெனுவிலும் மாற்றுங்கள்.